ஒரே ஆர்டருக்கு மூன்று இன்வாய்ஸ்: வெப்ஹூக்கைச் சரிசெய்த கதை

பணம் வந்ததும் பேமெண்ட் சேவையிலிருந்து வெப்ஹூக் (தானாக வரும் அறிவிப்புச் செய்தி) வரும்; எங்கள் சர்வர் இன்வாய்ஸ் பிடிஎஃப் போட்டு, மெயில் அனுப்பி, கணக்கு ஷீட்டில் ஒரு வரி சேர்க்கும். திடீரென்று சிலருக்கு ஒரே இன்வாய்ஸ் இரண்டு மூன்று முறை போக ஆரம்பித்தது.

லாக்கைத் திறந்தால் ஒரே ஈவென்ட் ஐடி (ஒவ்வொரு அறிவிப்புக்கும் உள்ள அடையாளக் குறி) மறுபடி மறுபடி. மெயில் வரை எல்லாம் முடிந்த பிறகே எங்கள் பக்கமிருந்து 200 (‘கிடைத்தது’ என்ற பதில்) போகிறது. மெயில் சர்வர் மந்தமானால் அனுப்பும் பக்கம் காத்திருக்காது. போய்ச் சேரவில்லை என்று எண்ணித் திரும்ப அனுப்பும்.

வேலையை இரண்டாக வெட்டினேன். வந்ததும் கையொப்பத்தை (அனுப்பியது பேமெண்ட் சேவைதான் என்று காட்டும் குறி) சரிபார்த்து, அப்படியே ஒரு டேபிளில் போட்டுவிட்டு உடனே 200. மிச்சத்தைப் பின்னால் தனியாக ஓடும் வொர்க்கர் புரோகிராம் பார்த்துக்கொள்ளும். டேபிளில் ஈவென்ட் ஐடிக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே ஐடி இரண்டு முறை நுழையாது) இருப்பதால் இரண்டாவதாக வருவது அங்கேயே முட்டி நிற்கும். அதற்கும் 200தான் தர வேண்டும்; பிழை என்று சொன்னால் மறுபடி கதவைத் தட்டும்.

கையொப்பம்தான் ரொம்பப் படுத்தியது. எச்மேக் கணக்கை (ரகசியச் சாவியை வைத்துக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் கணக்கு) வந்த பைட்டுகள் மேலேயே போட வேண்டும். ஃப்ரேம்வொர்க் பிரித்துக் கொடுத்த ஜேசனை (செய்தி வரும் தரவு வடிவம்) திரும்பக் கோத்தால், ஒரு இடைவெளி மாறினாலும் ஹாஷ் (அந்தக் கணக்கின் விடை) பொருந்தாது. வெப்ஹூக் வரும் பாதைக்கு மட்டும் பார்சரை (ஜேசனைப் பிரிக்கும் பகுதி) நிறுத்தியதும் சரியாயிற்று.

ஈவென்ட்கள் வரிசை மாறி வருவதும் உண்டு. அதனால் வொர்க்கர் இப்போது பேமெண்ட் சேவையின் ஏபிஐயில் (புரோகிராம்கள் தகவல் கேட்கும் வழி) ஆர்டரின் நடப்பு நிலையைக் கேட்டுக்கொண்டுதான் இன்வாய்ஸ் போடுகிறது.