தொப்புள்கொடி செல்களும் மைக்ரோஆர்என்ஏவும்: எங்கே சறுக்குகிறோம்?

தொப்புள்கொடி ஸ்டெம் செல் என்றதும் பலருக்கும் கொடி ரத்தம்தான் நினைவுக்கு வருகிறது. அதில் இருப்பவை பெரும்பாலும் ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள். கொடிக்குள் ரத்தக் குழாய்களைச் சுற்றி வழுவழுவென்று இருக்கும் வார்ட்டன் ஜெல்லியில் கிடைக்கும் மீசன்கைமல் செல்கள் வேறு ரகம். எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் மாறக்கூடியவை. ஒன்றில் கண்டதை மற்றதற்குப் பொருத்தினால் ஆரம்பமே கோணல். நான் சொல்லப்போவது, ஜெல்லி செல்களின் பெருக்கத்தில் மைக்ரோஆர்என்ஏவின் பங்கை ஆய்வகத்தில் அளக்கும்போது நாம் செய்யும் தவறுகளைப் பற்றி.

அடுத்த தவறு, மைக்ரோஆர்என்ஏவை ஜீனை அணைக்கும் ‘சுவிட்ச்’ என்று எழுதுவது. சுமார் 22 எழுத்து நீளமே உள்ள இந்த ஆர்என்ஏ துண்டு, ஜீனின் செய்தியைப் புரத உற்பத்திக்குக் கொண்டுபோகும் தூது ஆர்என்ஏவின் வால்பகுதியில் போய் ஒட்டிப் புரத உற்பத்தியைக் குறைக்கும். பெரும்பாலும் கொஞ்சமாகத்தான். ஆனால் ஒரே துண்டு நூற்றுக்கணக்கான ஜீன்களைத் தொடும். மிஆர்-21 என்ற மைக்ரோஆர்என்ஏ, வளர்ச்சிக்குப் பிரேக் போடும் பிடென் புரதத்தைக் குறைக்கிறது. செல் பெருக அது தோது. மிஆர்-34ஏ நேர் எதிர், செல் பிரிவதையே தடுக்கும். அதன் நகலைப் புற்றுநோய் மருந்தாகக் கொடுத்துப் பார்த்த சோதனை, நோய் எதிர்ப்பு சார்ந்த கடுமையான பக்கவிளைவுகளால் 2016இல் நின்றுபோனது. ஒரு ஜீனை மட்டும் பார்த்துக்கொண்டு மற்றதை மறக்கக் கூடாது.

எனக்கு அதிகம் கவலை தருவது சீரம். செல் வளர்க்கும் திரவத்தில் வழக்கமாக 10 சதவீதம் கன்றுக்கரு சீரம், அதாவது மாட்டுக் கருவின் ரத்தத்திலிருந்து எடுத்த திரவம், ஊற்றுகிறோம். அதிலும் மைக்ரோஆர்என்ஏ உண்டு. லெட்-7 என்ற மைக்ரோஆர்என்ஏ மாட்டுக்கும் மனிதருக்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஆர்என்ஏவை அளக்கும் பிசிஆர் சோதனையால் பிரித்தறிய முடியாது. ‘செல்கள் வெளியிட்டவை’ என்று நாம் அளப்பதில் ஒரு பங்கு மாட்டுடையதாக இருக்கலாம். அதனால் செல்லே இல்லாத தட்டில் அதே திரவத்தை ஊற்றி, அதே இன்குபேட்டரில் அத்தனை நாள் வைத்து, அதையும் சேர்த்து அளந்துவிடுங்கள். ஒரு தட்டுதான் கூடுதல் செலவு.

ஆர்என்ஏ பிரிக்கும் கிட்டையும் பார்த்து வாங்குங்கள். சாதாரண கிட்களில் 200 எழுத்துக்குக் குறைந்த துண்டுகள் பெரும்பாலும் கழுவிப் போய்விடும், மைக்ரோஆர்என்ஏவும் அதோடு போகும்.

அப்புறம், மூன்றாம் பாசேஜ் செல்லையும் பத்தாம் பாசேஜ் செல்லையும் ஒப்பிடாதீர்கள். (செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு பாசேஜ்.) வயதான செல் தட்டையாக, பெரிதாக இருக்கும், மெதுவாகப் பிரியும். அதை மைக்ரோஆர்என்ஏவின் வேலை என்று எண்ணிவிடுவோம். எம்டிடி என்ற சாயச் சோதனையில் நிறம் கூடினாலும் செல் பெருகிவிட்டதாக அர்த்தமில்லை, அது காட்டுவது வளர்சிதை மாற்றத்தை. செல்களை எண்ணியே பாருங்கள். எண்ணும்போது, ஒரே கொடியின் செல்களை மூன்று குழிகளில் போட்டுவிட்டு மூன்று மாதிரி என்று எழுத வேண்டாம். மூன்று குழந்தைகளின் கொடிகள் இருந்தால்தான் அது மூன்று.