ஐசி எண்ணைக் கடவுச்சொல்லாக ஏற்காத உபுண்டு: செய்முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் அலுவலகத்தில் ஒரு பழைய கணினி இருக்கிறது. அதில் ஓடுவது உபுண்டு என்ற லினக்ஸ் வகை இயங்குதளம். திருவிழா வரவு செலவு, உபயக்காரர்களின் தொலைபேசி எண்கள் எல்லாம் அதில்தான். செயலாளர் அண்ணன் தன் ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண்ணையே கடவுச்சொல்லாக வைத்திருந்தார். மறக்காமலிருக்க அதை மஞ்சள் காகிதத்தில் எழுதித் திரை ஓரத்தில் ஒட்டியும் இருந்தார்.

காகிதத்தைக் கிழித்தால் மட்டும் போதாது. ஐசியின் முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த மாநிலம்; பேராக்கில் பிறந்தவருக்குப் பெரும்பாலும் 08. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. அண்ணனின் பிறந்த தேதியும் மாநிலமும் தெரிந்த பக்கத்து லயத்துப் பையனுக்கு மிஞ்சுவது 5,000 எண்கள்தான். அதனால் இந்த எண்ணைக் கணினியே மறுக்கும்படி செய்துவிடுவோம்.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: டெர்மினலை (கட்டளை தட்டும் சாளரம்) திறந்து இதைத் தட்டுங்கள்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்பாம்-பிடபிள்யூகுவாலிட்டி

லிப் என்பது லைப்ரரியின் முதல் மூன்று எழுத்து; பிடபிள்யூ என்பது பாஸ்வேர்டில் வரும் பி, டபிள்யூ. கடவுச்சொல்லின் தரத்தைச் சோதிக்கும் இந்தக் கருவி, நிறுவியதுமே வேலை செய்யத் தொடங்கிவிடும்.

படி 2: விதிகள் இருக்கும் கோப்பைத் திறங்கள்:

சூடோ நானோ /இடிசி/செக்யூரிட்டி/பிடபிள்யூகுவாலிட்டி.கான்ஃப்

வரியின் தொடக்கத்தில் # இருந்தால் அந்த விதி உறங்குகிறது என்று பொருள். கீழுள்ள வரிகளில் # குறியை நீக்கி, மதிப்பை மாற்றுங்கள்:

மின்லென் = 16
மின்கிளாஸ் = 2
என்ஃபோர்ஸ்_ஃபார்_ரூட்

மின்லென் என்பது கடவுச்சொல்லின் மிகக் குறைந்த நீளம். ஏன் 16? ஐசி எண்ணில் 12 இலக்கம். நடுவே இரண்டு கோடு போட்டால் 14 எழுத்து. இரண்டுமே நீளத்தில் தோற்கும். மின்கிளாஸ் 2 என்றால் சின்ன எழுத்து, பெரிய எழுத்து, எண், குறி என்ற நான்கு வகையில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்; வெறும் எண்களை எவ்வளவு நீளமாக அடித்தாலும் நுழையாது. மூன்றாவது வரியையும் விடாதீர்கள். அது இல்லாவிட்டால், சூடோ போட்டு, அதாவது நிர்வாகி உரிமையோடு, மாற்றுபவருக்கு எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டு பலவீனமான சொல்லையும் ஏற்றுக்கொள்ளும்.

பேட்வேர்ட்ஸ் என்ற வரியும் அங்கே உண்டு. உள்ளே இருக்கும் அகராதிக்கு நம் சொற்கள் தெரியும் என்று நம்ப வேண்டாம். அதிலும் # குறியை நீக்கி, ஊர்ப் பெயர், தோட்டத்துப் பெயர், கோயில் சாமி பெயர் ஆகியவற்றை இடைவெளி விட்டு எழுதி, கோப்பைச் சேமியுங்கள்.

படி 3: சாதாரணப் பயனராக 'பாஸ்வேர்ட்' கட்டளையைச் சோதியுங்கள். கட்டளையின் பெயர் பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி. நடுவில் ஓ, ஆர் கிடையாது. தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, பயப்பட வேண்டாம். முதலில் பழைய சொல்லைக் கேட்கும். புதியதாக ஐசி எண்ணைப் போட்டுப் பாருங்கள், மறுக்க வேண்டும்.

பொருளாளர் அக்கா, "தம்பி, பதினாறு எழுத்தெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்காதுப்பா" என்றார். நான்கு சொற்களை இடைவெளியோடு அடிக்கச் சொன்னேன்: பால்மரம் சைக்கிள் இடியப்பம் பூனை, இந்த மாதிரி. இடைவெளியும் ஒரு குறிதான், இரண்டு வகை ஆகிவிட்டது. இதே நான்கையே நீங்களும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 4: பழைய கடவுச்சொற்களை இந்த விதி தொடாது, புதிதாக மாற்றும்போதுதான் பார்க்கும். எனவே ஒவ்வொருவருக்கும் இதைக் கொடுங்கள்:

சூடோ சேஜ் -டி 0 பயனர்பெயர்

'சேஞ்ச்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'என்' என்ற எழுத்தை எடுத்துவிட்டால் அதுதான் சேஜ். -டி என்பதில் வரும் டி, 'பாஸ்வேர்ட்' கட்டளையின் கடைசி எழுத்தேதான். அடுத்த முறை நுழையும்போதே புதிய சொல் வைத்தாக வேண்டும். செயலாளர் அண்ணனுக்கு முதலில் கொடுத்தேன்.