டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள்

வீட்டில் உள்ள பிளாஸ்டிக் டப்பா, பாட்டில் எல்லாவற்றையும் மேசைமேல் எடுத்து வையுங்கள். நாம் தேடப்போவது பிஸ்பீனால் ஏ (சுருக்கமாக பிபிஏ), சில வகை பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ரசாயனம். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போய் ஒட்டும் இடத்தில் இதுவும் ஒட்டிக்கொள்ளும். லண்டனில் டாட்ஸ் என்ற விஞ்ஞானி 1936-லேயே இதன் ஹார்மோன் குணத்தைக் கண்டறிந்துவிட்டார். அது தெரிந்த பிறகும் இதில் பாட்டில் செய்தார்கள்!

படி 1: அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 2, 5 இருந்தால் கவலை குறைவு. 3 என்றால் பிவிசி; அதை நெகிழ வைக்கச் சேர்க்கும் தாலேட்டுகளும் ஹார்மோன் வேலையில் தலையிடும். 7 என்பது 'இதர வகை'. 7 போட்டு, கண்ணாடி மாதிரி தெளிவாகவும் கெட்டியாகவும் இருந்தால் பெரும்பாலும் பாலிகார்பனேட், அதாவது பிஸ்பீனால் ஏ-யில் செய்தது. 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் பல இந்த ரகம்தான். வெயிலில் வைக்காதீர்கள்.

படி 2: கீறல் விழுந்ததை, மங்கியதை ஒதுக்குங்கள். ஏன்? 1998-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பாட்ரீஷியா ஹன்ட்டின் ஆய்வகத்தில், ஒப்பிடுவதற்காகச் சும்மா வைத்திருந்த சுண்டெலிகளின் கருமுட்டைகளில் திடீரென 40 சதவீதத்தில் குரோமோசோம் கோளாறு தெரிந்தது. வழக்கமாக ஒன்றிரண்டு சதவீதம்தான். துருவிப் பார்த்தால், தரை கழுவும் காரமான சோப்பால் யாரோ கூண்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும் கழுவியிருக்கிறார்கள். பாலிகார்பனேட் அரிக்கப்பட்டு பிஸ்பீனால் ஏ கசிந்திருக்கிறது. எலிக்கு நடந்தது அப்படியே நமக்கும் நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் தேய்ந்த பிளாஸ்டிக் கசியும் என்பதில் சந்தேகமில்லை.

படி 3: சூடான சாம்பார், டீ எதையும் பிளாஸ்டிக்கில் வாங்காதீர்கள். எவர்சில்வர் தூக்கு இருக்கிறதே! மைக்ரோவேவுக்குக் கண்ணாடிப் பாத்திரம்.

படி 4: கடை பில்லை நகத்தால் கீறுங்கள். கருப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தாள். பலவற்றில் பிஸ்பீனால் ஏ அல்லது அதன் பங்காளி பிஸ்பீனால் எஸ் பூசியிருக்கும். சானிடைசர் ஈரத்தோடு தொட்டால் தோல் வழியே இன்னும் அதிகமாக உள்ளே போகும். 'பிபிஏ இல்லை' என்று ஒட்டியிருந்தாலும் முழுதாக நம்பிவிடாதீர்கள். அந்தப் பங்காளி உள்ளே இருக்கலாம், அதற்கும் ஏறக்குறைய அதே குணம்.

சரி, ஒதுக்கிய டப்பாக்களைத் தூக்கிப் போட மனசு வராதே? ஆணி, திருகு, ஊசி, நூல் போட்டு வையுங்கள். ஊறுகாய் மட்டும் வேண்டாம்.