ஸ்டென்ட் வைத்து வந்தவரின் மனசையும் கவனியுங்கள்

என் வீட்டுக்காரருக்கு மாரடைப்பு வந்து, அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்து ரங்கூன் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மாத்திரை, பத்தியம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்றாவது வாரம் பார்த்தால், விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மணிக்கட்டில் விரல் வைத்து நாடி எண்ணிக்கொண்டிருக்கிறார். இருபது வருஷமாகப் போன டீக்கடைப் பக்கமே போகவில்லை. உடம்பு பலவீனம் என்று நினைத்து ஒரு மாதத்தைக் கோட்டைவிட்டேன். நீங்கள் விடாதீர்கள்.

மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது கோழைத்தனம் இல்லை. கவனிக்காமல் விட்டால் மாத்திரை தவறும், நடை நிற்கும், இதயத்துக்கே கெடுதல்.

"எப்படி இருக்கீங்க?" என்றால் "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். அதனால் இப்படிக் கேளுங்கள்: "இந்த 2 வாரமாக எதிலுமே பிடிப்பு இல்லாமல் இருக்கிறதா? மனசு சோர்ந்து, நம்பிக்கையே இல்லாத மாதிரி இருக்கிறதா?" ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் இதய டாக்டரிடமே சொல்லுங்கள். தூக்கம், பசி எப்படி என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். இதய மாத்திரைகளில் சிலவும் அசதி தரும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

பேச்சு வழிச் சிகிச்சை உண்டு, மருந்தும் உண்டு. மாரடைப்பு வந்தவர்களுக்குச் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்து பாதுகாப்பானது என்று 2002-இல் ஓர் ஆய்வு காட்டியது. பலன் தெரியச் சில வாரம் ஆகும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் இதயத் துடிப்பைக் குழப்பலாம். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் மாரடைப்பு வந்ததையும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் சொல்லிவிடுங்கள். செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தால் தனியாக விடவே கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வீட்டில் "மனசைத் தளரவிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். அவர் பேசுவதையே நிறுத்திவிடுவார். பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

நான் செய்த பெரிய தப்பு ஒன்று உண்டு. உப்பு மிகுந்த ஙப்பி என்ற மீன் விழுதை நிறுத்தினேன், சரி. கெட்டிப்பால் டீ கூடாது என்று டீக்கடையையே நிறுத்திவிட்டேன். அங்கே அவருக்கு டீயா முக்கியம்? ஆட்கள்தானே! நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் பத்து நிமிஷ நடையாக நானே கூட்டிப்போனேன். அந்தக் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்ததும் மேஜையில் வெறும் தேநீர் இருந்தது. பால் இல்லை, சர்க்கரை இல்லை, காசும் இல்லை. கூட்டாளி ஒருவர் ஒன்றும் கேட்காமல் கோப்பையில் ஊற்றி இவர் பக்கம் நகர்த்தினார். முதல் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் யாரோ ஃபுட்பால் பற்றி ஏதோ சொல்ல, "அதெல்லாம் கிடையாதுப்பா" என்று இவர் குரல் உயர்ந்தது. நான் சத்தம் போடாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.