வரைபடத்தில் இடைநிலை அளவும் முகடும் காணும்போது நேரும் தவறுகள்

வரைபடத்தாளில் இடைநிலை அளவு (வரிசைப்படுத்திய மதிப்புகளின் நடு மதிப்பு) காணும் விடைத்தாள்களைத் திருத்துபவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கோடுகள் நேர்த்தியாக இருக்கும்; அட்டவணையும் சரியாக இருக்கும்; விடை மட்டும் பிசகியிருக்கும். பிசகு பெரும்பாலும் புள்ளி வைத்த இடத்தில்தான் இருக்கும்.

50 மாணவர்களின் மதிப்பெண்களை எடுத்துக்கொள்வோம். 0-10, 10-20 என்று தொடங்கி 50-60 வரையுள்ள ஆறு பிரிவுகளின் நிகழ்வெண்கள் (ஒவ்வொரு பிரிவிலும் உள்ள மாணவர் எண்ணிக்கை) முறையே 4, 8, 14, 12, 7, 5 என்றால், அவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் வரும் குவிவு நிகழ்வெண்கள் 4, 12, 26, 38, 45, 50 ஆகும். இவற்றைப் புள்ளிகளாகக் குறித்து இணைத்தால் கிடைப்பதே ‘விடக் குறைவு’ வளைவரை. இதில் 26 என்பது 30-க்குக் குறைவாகப் பெற்றவர்களின் எண்ணிக்கை. ஆகவே அதற்குரிய புள்ளி 30-க்கு நேராகத்தான் அமைய வேண்டும். நடுப்புள்ளிகளுக்கு நேராகப் புள்ளி வைத்து நிகழ்வுப் பலகோணம் வரைந்த பழக்கத்தில் பலர் அதைப் பிரிவின் நடுப்புள்ளியான 25-க்கு நேராக வைத்துவிடுகிறார்கள். செங்குத்து அச்சில் 25-இலிருந்து (50-இல் பாதி) கிடைக்கோடு இழுத்து, அது வளைவரையைத் தொடும் இடத்திலிருந்து கீழே இறங்கினால், சரியான படத்தில் 29.3 என்றும் நடுப்புள்ளிப் படத்தில் 24.3 என்றும் வரும். வளைவரை முழுவதும் அரைப் பிரிவு இடப்பக்கம் நகர்ந்துவிடுவதால் பிழை சரியாக 5 ஆகிறது. படத்தின் வடிவம் சிறிதும் மாறாததால் கண்ணுக்கு எதுவும் தென்படாது என்பதே இதன் ஆபத்து.

ஒவ்வொரு மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெற்றவர்களைக் காட்டும் ‘விட அதிகம்’ வளைவரைக்குப் பிரிவுகளின் மேல் எல்லைகளை விட்டுக் கீழ் எல்லைகளைக் கொள்ள வேண்டும்: 0-க்கு 50, 10-க்கு 46, 20-க்கு 38 என்று அது இறங்கும். இரண்டு வளைவரைகளையும் ஒரே தாளில் வரைவதை வீண்வேலை என்று நினைப்பவர்கள் உண்டு; நான் அப்படி நினைப்பதில்லை. இரண்டும் 25 என்ற உயரத்தில்தான் வெட்டிக்கொள்ள வேண்டும் என்பதால், வெட்டுப்புள்ளி மேலோ கீழோ விலகியிருந்தால் எங்கோ புள்ளி தவறியிருக்கிறது என்று படமே காட்டிக்கொடுத்துவிடும்.

பிரிவுகள் 1-10, 11-20 என்று இடைவெளி விட்டுக் கொடுக்கப்பட்டிருந்தால், வரையும் முன்பே எல்லைகளை 0.5-10.5, 10.5-20.5 என்று திருத்திக்கொள்ள வேண்டும்.

முகடு (மிக அதிகமாக நிகழும் மதிப்பு) காண, நிகழ்வெண்களை உயரமாகக் கொண்ட நிகழ்வுச் செவ்வகம் வரையும்போது, மிக உயரமான செவ்வகத்தின் நடுவில் கோடு இறக்கி 25 என்று எழுதிவிடுவது அடிக்கடி காணும் தவறு. அந்தச் செவ்வகத்தின் மேல் இடமூலையை அடுத்த செவ்வகத்தின் மேல் இடமூலையோடும், மேல் வலமூலையை முந்தைய செவ்வகத்தின் மேல் வலமூலையோடும் இணைத்து, அவை வெட்டும் இடத்திலிருந்துதான் இறங்க வேண்டும், அப்போது 27.5 கிடைக்கும். அண்டையிலுள்ள 8, 12 ஆகிய இரண்டில் 12 பெரியது என்பதால் முகடு வலப்பக்கம் சாய்வது இயல்பே.

பிரிவுகளின் அகலம் சமமில்லாதபோது இதைவிடப் பெரிய தவறு நேரலாம். மேற்கண்ட தரவிலேயே 30-40, 40-50 இரண்டையும் சேர்த்து 30-50 என்று கொடுத்தால் அதன் நிகழ்வெண் 19. அதை அப்படியே உயரமாக வரைந்தால் முகட்டுப் பிரிவே இடம் மாறிவிடும். அகலம் இரு மடங்கு என்பதால் உயரத்தை 9.5 ஆகக் குறைத்தால், 14 உயரமுள்ள 20-30 மீண்டும் முதலிடத்துக்கு வரும்.

கூட்டுச் சராசரியை இந்தப் படங்களிலிருந்து நேரடியாகப் படிக்க முயலக் கூடாது. இங்கே அது கணக்கிட்டால் 30 வருகிறது. முகடு ஏறத்தாழ மூன்று இடைநிலை அளவிலிருந்து இரண்டு சராசரியைக் கழித்ததற்குச் சமம் என்ற தொடர்பில் இட்டால் 87.9 - 60 = 27.9, படத்தில் கண்ட 27.5-க்கு அருகில்தான் இருக்கிறது. மிதமாகச் சாய்ந்த பரவலுக்கு மட்டுமே பொருந்தும் தொடர்பு இது என்பதால், இதை விடையாக எழுதாமல் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, 1 செ.மீ.க்கு 10 மதிப்பெண் என்று அளவுத்திட்டம் எடுத்தால் தாளின் மிகச் சிறிய கட்டமே 1 மதிப்பெண் ஆகிறது. அத்தகைய படத்திலிருந்து 29.29 என்று எழுதுபவர் அதைச் சூத்திரத்திலிருந்துதான் எடுத்திருக்க முடியும். படத்தில் தெரிவது ஏறத்தாழ 29 மட்டுமே.