நடக்கும்போது எவ்வளவு ஆக்சிஜன்? நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கான உடற்பயிற்சி வழிகாட்டி

நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் விரலில், ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் 95 சதவீதம் காட்டுகிறது என்பதை வைத்து, அவர் கழிவறை வரை நடந்து திரும்பும்போதும் அதே அளவுதான் இருக்கும் என்று முடிவுசெய்ய இயலாது. சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய், நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் ஐ.எல்.டி. வகை நோய்கள், காசநோய் குணமான பிறகும் எஞ்சி நிற்கும் நுரையீரல் சேதம் ஆகியவற்றில், ஓய்வில் இயல்பாக இருக்கும் ஆக்சிஜன் நடையின்போது 80-களுக்குச் சரிவது உண்டு. நடக்கும்போது இதயம் வேகமாகத் துடிப்பதால், ரத்தம் காற்றுப்பைகளைக் கடந்து செல்லும் நேரம் குறைகிறது. தடித்துப்போன சவ்வைத் தாண்டி ஆக்சிஜன் ஏறிக்கொள்ள அந்த நேரம் போதுவதில்லை. ஆகவே குழாய் வழியே கொடுக்கும் ஆக்சிஜனில் ஓய்வுக்கான அளவும் உழைப்புக்கான அளவும் இரு வேறு மருந்தளவுகள் என்பதையும், இரண்டாவது அளவை நடக்கவைத்துப் பார்த்துத்தான் அறிய முடியும் என்பதையும் நோயாளியும் குடும்பத்தாரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

இதன் மறுபக்கமும் அதே அளவு முக்கியமானது. மூச்சு வாங்குகிறது என்பதாலேயே ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று பொருளாகாது. சி.ஓ.பி.டி. உள்ள பலருக்கு நெஞ்சில் காற்று வெளியேறாமல் தேங்குவதாலும், பல மாதங்கள் நடமாடாமல் இருந்ததால் தொடைத் தசைகள் மெலிந்துபோனதாலும், ஆக்சிஜன் 96 இருக்கும்போதே கடுமையாக மூச்சு வாங்கும். இவர்களுக்கு உதவுவது சரியாக இழுக்கப்படும் இன்ஹேலரும் படிப்படியான பயிற்சியும்தான். பரிசோதனை எதுவும் இல்லாமல் கடன் வாங்கி ஆக்சிஜன் இயந்திரம் வாங்கி வைத்துவிட்டு, அந்த அறையை விட்டே வெளியே வராமல் முடங்கிப்போகிறவர்களைக் காணும்போது மிகுந்த வருத்தம் ஏற்படுகிறது.

ஆய்வுகள் சொல்வதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஓய்விலேயே ஆக்சிஜன் மிகக் குறைவாக, ஏறத்தாழ 88 அல்லது அதற்கும் கீழே நிலைத்திருப்பவர்கள், நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் எடுத்தால் ஆயுள் நீள்கிறது என்பதற்கு 1980, 1981-ஆம் ஆண்டுகளில் வெளியான இரண்டு ஆய்வுகள் அடித்தளமாக உள்ளன. ஆனால் ஓய்வில் மிதமான குறைவோ, நடக்கும்போது மட்டும் மிதமான சரிவோ கொண்ட 738 சி.ஓ.பி.டி. நோயாளிகளை ஆராய்ந்து 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆக்சிஜன் எடுத்ததால் இறப்போ மருத்துவமனைச் சேர்க்கையோ தள்ளிப்போகவில்லை. நடக்கும்போது ஆக்சிஜன் சரியும் சி.ஓ.பி.டி. நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு ஆக்சிஜனும் மறு பிரிவினருக்குச் சாதாரணக் காற்றும் கொடுத்து எட்டு வாரம் பயிற்சியளித்த ஆஸ்திரேலிய ஆய்வில், இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் முன்னேறினர் என்று 2019-இல் தெரியவந்தது. ஐ.எல்.டி.யில் நிலைமை வேறு: நடையில் மட்டும் ஆக்சிஜன் சரியும் நோயாளிகள், எடுத்துச்செல்லும் ஆக்சிஜனை இரண்டு வாரம் பயன்படுத்தியபோது வாழ்க்கைத் தரமும் மூச்சுத் திணறலும் மேம்பட்டதை 2018-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு காட்டியது. எனவே தழும்பேறிய நுரையீரல் உள்ளவருக்கு நடைக்கான ஆக்சிஜனைத் தயங்காமல் பரிசீலிக்கலாம் என்பதும், சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு அது உண்மையில் பயன்தருகிறதா என்று சோதித்த பிறகே கொடுக்க வேண்டும் என்பதும் எனது உறுதியான கருத்து.

அந்தச் சோதனை எளிமையானது. 30 மீட்டர் நீளமுள்ள சமதளமான நடைபாதையில், ஆறு நிமிடத்தில் முடிந்தவரை அதிக தூரம் நடக்கச் சொல்லி, ஆக்சிமீட்டரைக் கழற்றாமல் வைத்திருந்து அளவைக் கவனிப்பார்கள். நோயாளி கிளம்பும்போது 96 இருக்கும். முதல் சுற்று முடியும்போது 95 இருக்கும். உடன் வந்த மகன் நிம்மதியடைவார். இரண்டாவது நிமிடத்தில் 91, மூன்றாவது நிமிடத்தில் 87 என்று இறங்கும். நின்று சுவரில் சாய்ந்த பிறகும் எண் உடனே ஏறாமல், 83 வரை போய்த்தான் திரும்பும். ஏனெனில் விரல்நுனியில் தெரியும் அளவு, நுரையீரலில் நடப்பதற்குச் சில பத்து விநாடிகள் பின்தங்கியே வருகிறது. வீட்டில் நடந்துவிட்டு உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஆக்சிமீட்டரைத் தேடி எடுத்து மாட்டுகிறவர்களுக்கு இந்தச் சரிவு தெரியாமலே போய்விடுகிறது. போதிய ஓய்வுக்குப் பிறகு அதே நடையை ஆக்சிஜனுடன் மீண்டும் செய்யவைத்து, தூரம் கூடுகிறதா, மூச்சுத் திணறல் குறைகிறதா என்று ஒப்பிட வேண்டும். இரண்டிலும் மாற்றமில்லை என்றால் குழாயைச் சுமந்து திரிவதன் பயனை நுரையீரல் மருத்துவருடன் மீண்டும் பேச வேண்டும்.

கொடுக்கும் ஆக்சிஜனின் அளவை நிர்ணயிப்பது மருத்துவரின் பொறுப்பு. பெரும்பாலும் நடையின்போது 90-க்குக் குறையாமல் காக்கும் மிகக் குறைந்த அளவே இலக்காகக் கொள்ளப்படும். ஓய்வில் நிமிடத்துக்கு 1 லிட்டர் எடுப்பவருக்கு நடையில் 3 லிட்டர் தேவைப்படலாம். ‘ஓய்வில் இவ்வளவு, நடையில் இவ்வளவு, தூக்கத்தில் இவ்வளவு’ என்று மூன்றையும் தனித்தனியே எழுதித் தரும்படி கேட்டு வாங்கி, அந்தத் தாளை இயந்திரத்தின் மேலேயே ஒட்டிவைக்க வேண்டும். நடை முடிந்து மூச்சு அடங்கியதும் ஓய்வுக்கான அளவுக்குத் திருப்பிவிட மறக்கக் கூடாது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும் தன்மையுள்ள சி.ஓ.பி.டி. நோயாளிக்குத் தேவைக்கு மீறிய ஆக்சிஜன் தீங்கு செய்யும். அவருக்கு ஓய்வில் 88 முதல் 92 வரை இருப்பதே போதுமானது. காலையில் தலைவலி, பகலில் வழக்கத்துக்கு மாறான தூக்கம், பேச்சில் குழப்பம் ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆக்சிமீட்டரைப் பயன்படுத்தும்போது நகப்பூச்சை அகற்றி, குளிர்ந்த விரலைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, நாடித்துடிப்பு எண் நிலைபெறும் வரை கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். கருமையான தோல் உள்ளவர்களுக்கு இக்கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், நம்மில் பலரும் 90, 91 என்ற எண்களைப் பார்த்து முழு நிம்மதி அடையாமல் இருப்பதே நல்லது.

எந்தக் கருவியுடன் நடப்பது என்பதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். வீட்டில் மின்சாரத்தில் இயங்கி, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டரின் அருகிலேயே நின்ற இடத்தில் நடைபோடவும், பயிற்சி சைக்கிள் மிதிக்கவும், நாற்காலியிலிருந்து எழுந்து அமரவும் முடியும் என்பதால், தொடக்கத்துக்கு அதுவே போதும். நீளமான குழாய் காலில் சிக்காதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தோளில் மாட்டும் சிறிய கான்சன்ட்ரேட்டர்கள் பெரும்பாலும் மூச்சு இழுக்கும் கணத்தில் மட்டும் ஆக்சிஜனைத் தள்ளுபவை. அவற்றில் ‘2’ என்று காட்டுவது நிமிடத்துக்கு 2 லிட்டர் அல்ல; அது அந்தக் கருவியின் ஒரு படிநிலை மட்டுமே. வேகமாக மூச்சு வாங்கும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கும் அளவு பல கருவிகளில் குறைந்துவிடுகிறது. வாயால் மூச்சு விடுபவரின் இழுப்பைச் சில கருவிகள் உணர்வதே இல்லை. எனவே பெரும் தொகை கொடுத்து வாங்குவதற்கு முன், அதே கருவியை மாட்டிக்கொண்டு ஆறு நிமிடம் நடந்து, 90-ஐக் காக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வாங்காமல் இருப்பதே மேல்.

சிலிண்டருடன் நடப்பவர்கள் கணக்கு ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். சிலிண்டரின் கொள்ளளவை, மீட்டர் ‘பார்’ (bar) அலகில் காட்டும் அழுத்தத்தால் பெருக்கினால் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ எத்தனை லிட்டர் என்று கிடைக்கும். 2 லிட்டர் கொள்ளளவுள்ள சிறு சிலிண்டரில் அழுத்தம் 140 பார் என்றால் 280 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 140 நிமிடம், 4 லிட்டர் வீதம் 70 நிமிடம் வரும். அதில் கால் பங்கை வீடு திரும்புவதற்கான கையிருப்பாக ஒதுக்கிவிட்டே நடையின் தூரத்தைத் திட்டமிட வேண்டும். சிலிண்டரைக் கையில் தூக்காமல் சக்கரத் தள்ளுவண்டியில் வைத்துக்கொள்வது அவசியம். அந்தப் பாரத்தைச் சுமப்பதே ஆக்சிஜனால் கிடைத்த பலனை விழுங்கிவிடும்.

பயிற்சியைச் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது கழிந்த பிறகு, மருத்துவர் சொல்லியிருந்தால் இன்ஹேலர் எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் தொடங்கலாம். ஆக்சிஜனை நடைக்கான அளவுக்கு உயர்த்தி, ஓரிரு நிமிடம் அமர்ந்திருந்துவிட்டு எழ வேண்டும். மூச்சுத் திணறலுக்குச் சுழியம் முதல் பத்து வரை மதிப்பெண் கொடுத்தால், மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் இருக்கும் வேகமே உகந்தது. வார்த்தைகளை விட்டுவிட்டாவது பேச முடிய வேண்டும். மூக்கால் இழுத்து, உதடுகளைக் குவித்து, இழுத்ததைப் போல் இரு மடங்கு நேரம் மெதுவாக ஊத வேண்டும். தொடர்ந்து நடக்க இயலாதவர்கள் ஒரு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் நிற்கலாம். வேகமாகச் சரியும் ஐ.எல்.டி. நோயாளிகளுக்கு இந்த முறையே பொருந்தும். ஆக்சிமீட்டர் எண் 88-க்குக் கீழே போனால் நின்று, அமர்ந்து, முன்சாய்ந்து மீள வேண்டும். தானாகவே ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்டு தொடரக் கூடாது. நெஞ்சு வலி, தலைசுற்றல், படபடப்பு, சளியில் ரத்தம் ஆகியவை தோன்றினால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரை அணுக வேண்டும். வாரத்தில் குறைந்தது மூன்று நாள், மொத்தம் இருபது முப்பது நிமிடம் என்ற அளவை எட்டச் சில வாரங்கள் ஆகலாம். கால்களுக்கு வலுவூட்டும் பயிற்சியை இதனுடன் சேர்ப்பதற்கு இயன்முறை மருத்துவரின் நேரடி வழிகாட்டுதல் வேண்டும்.

ஆக்சிஜன் ஓடும் குழாயுடன் அடுப்பங்கரைக்கோ, குத்துவிளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எரியும் பூஜை அறைக்கோ செல்லக் கூடாது. வீட்டில் எவரும் புகைக்கக் கூடாது. மூக்கு வறண்டால் வாசலின் போன்ற எண்ணெய்த் தன்மையுள்ளவற்றைத் தடவாமல், நீர் சார்ந்த களிம்பைக் கேட்டு வாங்க வேண்டும். எண்ணெய்க் கையால் சிலிண்டரின் வால்வைத் தொடவே கூடாது.

நோய் தீவிரமாகி மருத்துவமனையில் இருந்து திரும்பியவருக்கு அப்போது கொடுத்த அளவு நிரந்தரமானதல்ல. இரண்டு மூன்று மாதங்களுக்குள் ஓய்விலும் நடையிலும் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். சிலருக்குத் தேவையே இல்லாமல் போகும், சிலருக்குக் கூடும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரமான ஊர்களுக்கோ விமானப் பயணத்துக்கோ திட்டமிட்டால், சமவெளியில் போதுமாக இருந்த அளவு அங்கே போதாது என்பதால், பயணத்துக்குப் பல நாட்கள் முன்பே மருத்துவரிடம் தெரிவித்துப் புதிய அளவை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.