லே போகிற தம்பிகளே, ஷூவை அளவாக வாங்காதீர்கள்

போன வாரம் எங்கள் ஊர்ப் பையன்கள் நாலு பேரைக் காட்பாடியில் டெல்லி ரயில் ஏற்றிவிடப் போயிருந்தேன். லடாக்கில் லே பக்கம் டவர் வேலை. ஒவ்வொருவன் காலிலும் புது லெதர் பூட்ஸ், மாப்பிள்ளை ஷூ மாதிரி கச்சிதமாக. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் ஏறினேன். ஸ்வெட்டர் எடுத்துக்கோ, குல்லா போட்டுக்கோ என்பதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார், விடுங்கள்.

கச்சிதமான ஷூ

ஆம்பூரில் செகண்ட்ஸ் ஷூ, அதாவது சின்னக் குறைக்காக ஃபேக்டரி கழித்த புது ஷூ, வாங்குவது நமக்குக் கைவந்த கலை. தோலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வெறுங்காலை விட்டுப் பார்த்து, சிக்கென்று இருந்தால் பில் போடச் சொல்லிவிடுகிறோமே, அங்கேதான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. நான் வாங்கியது எட்டாம் நம்பர். லே சுமார் 3,500 மீட்டர் உயரம், ஜனவரி ராத்திரியில் மைனஸ் 15 எல்லாம் சாதாரணம். முதல் நாளே கால் விறைத்தது. சரி, இன்னொரு கம்பளி சாக்ஸ் போட்டால் ஆச்சு என்று மேலே ஒன்றை மாட்டி, காலைத் திணித்து, லேஸையும் இறுக்கிக் கட்டினேன். கம்பளி இழைக்குள் சிக்கியிருக்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கும், விரல் நுனிவரை ரத்தமும் ஓட வேண்டும். நான் இரண்டையும் சேர்த்து நசுக்கிவிட்டேன்.

சாயங்காலம் கழற்றினால் சுண்டுவிரலும் அடுத்த விரலும் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன, கிள்ளினால் தெரியவில்லை. கூட இருந்தவர் பாசத்தில் பரபரவென்று தேய்த்தார். தேய்த்தால் உறைந்த சதை இன்னும் கெட்டுப்போகும். கணப்பிலும் காட்டக் கூடாது, வெந்தாலும் உறைக்காது. 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் முக்கி வைத்து டாக்டரிடம் போக வேண்டும், அதுவும் மறுபடி குளிரில் இறங்க வேண்டியதில்லை என்றால்தான். இதெல்லாம் டாக்டர் திட்டும்போது தெரிந்துகொண்டது. பதினேழு நாள் சம்பளம் போச்சு. மார்கழியில் ஏலகிரி ஏறினால்கூட அந்த விரல் இன்றைக்கும் மரத்துப்போகிறது.

அங்கே போடப்போகும் கம்பளி சாக்ஸைக் கடைக்கே கொண்டுபோங்கள். அதை மாட்டிக்கொண்டு, ஷூவுக்குள் விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். முடியாவிட்டால் ஒரு நம்பர் கூட்டுங்கள். “லொடலொடன்னு இருக்குமேண்ணா” என்றான் ஒருத்தன். இருக்கட்டும்டா.

பருத்தி பனியன்

வேலூர் வெயிலுக்கு அது தேவாமிர்தம். லேயிலோ வியர்வையைக் குடித்துவிட்டுக் காயாமலே கிடக்கும், வேலையை நிறுத்திய ஐந்தாவது நிமிஷம் முதுகில் ஐஸ். உடம்போடு ஒட்டுவது கம்பளியோ தெர்மலோ இருக்கட்டும். வியர்க்காமல் இருக்க ஏணி ஏறும் முன்பே மேல் ஜாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள், ஏறி நின்றதும் போட்டுக்கொள்ளுங்கள்.

வெறுங்கையால் நட்டு முடுக்குவது

தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பெரிய கிளவுஸுக்குள் மெல்லியதாக ஒன்று போடுங்கள்.

சரக்கு அடித்தால் சூடு ஏறும்

ஏறாது. இறங்கும்.